பால்மா பக்கெட்டும் எட்டாம் பேறும்

"பேறுபெற்றோர் என்றால் நல்ல பெறுபேறு எடுத்தவங்களா டீச்சர்?"

தரம் 5இல் படித்த ஒரு சிறுமி கேட்ட கேள்வி இது. மற்ற மறையாசிரியர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் வருடம் முழுக்கப் புலமைப்பரிசில் பேச்சுத்தான். வெட்டுப்புள்ளி எத்தனை, பெறுபேறு எப்போது வரும் என்று கேட்டே வளர்ந்த காதுக்கு மலைப்பொழிவும் அப்படித்தான் கேட்கும். என் மெதடிஸ்த சிநேகிதி 'பாக்கியவான்கள்' என்று சொல்லிக்கொடுக்கிறாள், அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நமக்கு உண்டு. ஆகவே முதல் நாளே இரண்டு சொல்லையும் பலகையில் எழுதி, ஒன்று பரீட்சைத் திணைக்களம் தருவது, மற்றது கடவுள் தருவது என்று பிரித்துவிடுங்கள். ஞாயிறு காலை டியூஷனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்டி நகரத்துக்குச் சற்று வெளியே ஒரு பங்கில் 22 வருடங்களாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கடைவீதிப் பிள்ளைகள் பாதி, ஹந்தானைச் சரிவுத் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள் பாதி. உங்கள் பங்கிலும் இதே கதைதான் இருக்கும்: பூசை முடிந்து முக்கால் மணி நேரம், ஒரே மண்டபம், நாற்பது பிள்ளைகள், ஒரே சாவியுள்ள ஓர் அலுமாரி.

பாடம் நடத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரம், 3 முதல் 12 வரை. எட்டு அட்டை, வாரத்துக்கு ஒன்று. ஒரு படம், ஒரு கதை, வீட்டில் செய்ய ஒரு காரியம். லூக்கா நற்செய்தியில் நான்கு பேறும் நான்கு கேடும் வருவதைப் பெரிய வகுப்புக்கு மட்டும் காட்டுங்கள். இதெல்லாம் எந்தக் கைநூலிலும் கிடைக்கும். கைநூலில் கிடைக்காத ஒன்றை நான் பெரிய விலை கொடுத்துப் படித்தேன். விலையைக் கொடுத்தது நானல்ல, ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். அதனால்தான் எழுதுகிறேன்.

எட்டாவது அட்டை

2022ஐ யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பால்மா வரிசை. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பூசைக்கு வருவதை அறிந்து, இத்தாலியில் வேலை செய்யும் ஒரு பங்குக் குடும்பம் நான்கு பால்மா பக்கெட்டுக்கு வழி செய்தது. வகுப்பு முடிய ஆளுக்கொரு கோப்பை பால் தேநீர். பக்கெட்டுகள் அலுமாரியில், சாவி என்னிடம்.

அந்த ஞாயிறு எட்டாம் பேறு: நீதிக்காகத் துன்பப்படுகிறவர்கள். நான் நன்றாகத்தான் நடத்தினேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். கண்டிப் பிள்ளைகளுக்குக் கண்டிக் கதையே சொல்ல வேண்டும் என்று புனித யோசேப் வாஸ் அடிகளை எடுத்துக்கொண்டேன். கோவாவிலிருந்து வந்த அவர் 1692இல் கண்டியில் கால் வைத்ததும், போர்த்துக்கேய ஒற்றன் என்று பழி சுமத்திச் சிறையில் அடைத்தார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். கடைசியில், "பொய்ப் பழி சொன்னவர்களிடம் அவர் வாய் திறக்கவே இல்லை, அதுதான் பேறு" என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கதை அழகாக முடிய வேண்டும் என்று நானாகச் சேர்த்தது.

அடுத்த ஞாயிறு அலுமாரியைத் திறந்தால், மூன்று பக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

முந்தின வாரம் வர்ணப் பெட்டி எடுத்துவர ஒரு பையனிடம் சாவி கொடுத்து அனுப்பியிருந்தேன். தோட்டத்துப் பிள்ளை. பங்குச் சபை அம்மா ஒருவர் என் காதோடு, ஆனால் மண்டபத்துக்கே கேட்கும்படி, "லயத்துப் பிள்ளைகளிட்ட சாவி குடுக்கலாமா டீச்சர்?" என்றார். அந்த இடத்தில் நான் அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பையனை எழுப்பி நிறுத்தினேன்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். குரலைத் தேன் மாதிரி வைத்துக்கொண்டு, "எடுத்திருந்தாச் சொல்லு ராசா, ஒருத்தரும் ஏச மாட்டம்" என்றேன், 38 பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. அவன் சுவரில் தொங்கிய எட்டாவது அட்டையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. பாடசாலையிலும் பல வருடம் வேலை பார்த்தவள் நான், எனக்கு அந்த மாதிரி மௌனத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்திருந்தது.

அதன்பின் அவன் வரவில்லை. தங்கையும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பக்கெட் அகப்பட்டது, பங்குமனைக் குசினியில், பாதி காலியாக. விருந்தாளிகள் வந்த ஒரு நாள் தேநீர் போட எடுத்துப் போயிருக்கிறார், என் காதில் பேசிய அதே அம்மா. சாவியை என்னிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். அவரும் மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். "ஐயோ, மறந்தே போச்சே" என்பதற்கு மேல் இன்று வரை அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. முன்வரிசையில்தான் இருக்கிறார்.

டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்கள் அவை. கலஹா வீதியில் பாதித் தூரம் ஒரு லொறியில் போய், மிச்சத்தை ஏறி நடந்தேன். அவனுடைய அப்பாயி மட்டும் இருந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்துப் பிளேன்டீ தந்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னும் நெனச்சுக்காதீங்க டீச்சர். பொய்யாப் பழி சொன்னா வாய் தொறக்கப்படாது, டீச்சர் படிச்சுக் குடுத்தாங்கன்னு புள்ள சொல்லிச்சு. நானும் சரின்னு விட்டுட்டேங்க."

பையன் விறகுக் கட்டோடு வந்தான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான். நான் சொல்லிக்கொடுத்ததை அந்த வகுப்பில் ஒழுங்காகச் செய்துகாட்டியவன் அவன் ஒருவன்தான். இப்போது பதினாறு வயது, கொழும்பில் ஒரு கடையில் நிற்பதாகக் கேள்வி.

ஏவல் எங்கே இருக்கிறது?

அன்றிரவு வேதாகமத்தை எடுத்து, பாடம் நடத்துகிறவளாக அல்லாமல் குற்றவாளியாக வாசித்தேன். 3 முதல் 11 வரை எங்குமே 'இப்படிச் செய்' என்று ஓர் ஏவல் இல்லை. முதல் ஏவல் 12ஆம் வசனத்தில்தான் வருகிறது, அதுவும் மகிழச் சொல்கிற ஏவல். அடிபட்டவனைப் பார்த்துக் கடவுள் உன் பக்கம் என்று சொல்லும் செய்தியை, நீ அடிபட்டுக்கொண்டே இரு என்ற கட்டளையாக நான் மாற்றியிருக்கிறேன். பேறுகளை நல்லொழுக்கப் பட்டியலாக நடத்துகிற ஒவ்வொருவரும் இதைத்தான் செய்கிறோம். அடங்கிப்போகிற பிள்ளைகள் நமக்கு வசதி.

இன்னும் புரட்டினேன். தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசுவே சும்மா இருக்கவில்லை. நான் பேசியதில் பிழை இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார்: யோவான் 18ஆம் அதிகாரம். திருத்தூதர் பணிகள் 22இல், கசையடிக்குக் கட்டிவைத்தபோது பவுல் தம் உரோமைக் குடியுரிமையைச் சொல்லித் தப்புகிறார். யோசேப் வாஸ் சிறையில் செய்த முதல் காரியங்களில் ஒன்று சிங்களம் படித்தது. வாயை மூடிக்கொண்டிருக்க நினைக்கிற மனிதன் எதற்குப் புதிதாக ஒரு மொழி படிக்கிறான்? எனக்கு இது முன்பே தெரியும். கதையின் அழகுக்காக விட்டுவிட்டேன்.

ஆகவே எட்டாம் பேறு நடத்தும் நாளில் யோவான் 18ஐயும் சேர்த்து நடத்துங்கள். தனியாக நடத்தாதீர்கள். "நான் செய்யவில்லை" என்று உரக்கச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள், நாடகமாக நடிக்கவிடுங்கள். குற்றம் சாட்டுகிற ஆசிரியராக நீங்களே நில்லுங்கள்.

உறுதி இல்லாத காணி

மூன்றாம் பேறு, கனிவுடையோர் நிலத்தை உரிமையாக்குவது பற்றியது. 37ஆம் திருப்பாடலிலிருந்து வருகிற எண்ணம் அது. நகரத்துப் பங்குகளில் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். என் வகுப்பில் கடக்க முடியாது. "எங்க லயத்துக்கு உறுதி இல்லையே டீச்சர், அப்ப நாங்க கனிவுடையவங்க இல்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

முன்பென்றால், அது மோட்சத்தில் கிடைக்கும் நிலம் என்று மழுப்பியிருப்பேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். நம் மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலத்திலிருந்து இந்த மலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் உங்கள் பாட்டன் பூட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கேட்டதால் கிடைத்தது. ஏழு பேர்ச் காணி கேட்பது கனிவுக்கு விரோதமில்லை. இதைச் சொன்னதற்காக, பிள்ளைகளுக்கு அரசியல் படிப்பிக்கிறேன் என்று என்மேல் முறைப்பாடு போனது. நிலம் என்ற சொல்லை நற்செய்தியில் வைத்தது நானில்லை.

இரக்கமும் சமாதானமும்

இரக்கத்துக்கு மறுபடியும் வாஸ் அடிகளிடம்தான் போகிறேன். 1697இல் கண்டியில் அம்மை பரவி, வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓடியபோது, நோயாளிகளைத் தம் கையாலே பராமரித்தவர் அவர். பௌத்த அரசனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நகரத்தில் இருக்கவிட்டதையும் கட்டாயம் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் வெசாக் தன்சலில் வரிசையில் நின்று சாப்பிட்டவர்கள், இரக்கம் நம் கோயிலுக்குள் மட்டும் விளைகிற பயிர் இல்லை என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சமாதானம் செய்வோரைப் பற்றிப் புறாப் படம் வரையவிடாதீர்கள். 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, இந்தக் கண்டியில் ஊரடங்கில் இருந்தவர்கள் நாம். அப்போது நம்மில் யார் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம் என்று கேளுங்கள். சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். தோட்டத்துத் தமிழரையும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரையும் ஒரே பாயில் உட்கார வைக்க யேசுசபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். அவரைப் பற்றிச் சொல்லுங்கள். புறாவைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

துயருறுவோரைப் பற்றி மட்டும் குறைவாகப் பேசுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கோயில்கள் மூடி, தொலைக்காட்சியில் பூசை கண்டோமே, அதன்பின் வகுப்பு தொடங்கிய முதல் நாள் நான் ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி, விரும்பியவர்கள் பேசலாம் என்றேன். அது ஒன்றுதான் நான் பிழைவிடாத பாடம் என்று நினைக்கிறேன்.

போட்டி வேண்டாம்

எட்டுப் பேறுகளையும் மனனம் செய்து ஒப்புவிக்கும் போட்டி என் வகுப்பில் நான்கு வருடமாக இல்லை. எளிய உள்ளத்தோர் என்று முழங்கிவிட்டு முதல் பரிசுக் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்குகிற காட்சியை இனி என்னால் பார்க்க முடியாது. பெரிய விழாவுக்கு வகுப்பிலிருந்து ஒன்றும் மேடையேறவில்லை என்று குறை சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அலுமாரிச் சாவியை இப்போது பிள்ளைகளே முறை வைத்து வைத்திருக்கிறார்கள். நான் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும், ஒரு கொப்பியில் கையெழுத்தும் போட வேண்டும்.

போன மாதம் வரவு கூப்பிடும்போது ஒரு பிள்ளையை முந்தின வாரம் வரவில்லை என்று ஏசினேன். எழுந்து நின்றாள், ஒன்பது வயது. "நான் வந்தேன் டீச்சர். நீங்கதான் பாக்கல்ல." பின் வாங்கிலிருந்து இரண்டு பேர், "ஓம் டீச்சர், வந்தவ" என்று சாட்சி சொன்னார்கள். கொப்பியை வாங்கிப் பார்த்தால் அந்த வாரம் சாவி வைத்திருந்ததே அவள்தான், என் கையெழுத்தும் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, வரவைத் திருத்தினேன்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் முன்வரிசை அம்மா நிற்கிறார். "உங்கட வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய் கூடிப்போச்சு டீச்சர்."

"ஓம்" என்றேன். "நாலு வருசமாப் படிப்பிக்கிறன்."