ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால் புற்றுநோய்தானா?
கருப்பை வாய்ப் பரிசோதனைகளை எவ்வளவு நம்பலாம்?

லேபிலிருந்து செல்போனுக்கு ஒரு பிடிஎஃப் வருகிறது. திறந்து பார்த்தால், 'எச்பிவி: பாசிட்டிவ்'. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் கூகுளில் தேடி, வாட்ஸ்அப்பில் கேட்டு, தூக்கம் போய், 'எனக்கு கேன்சர்' என்று முடிவே கட்டிவிடுகிறோம். இன்னொரு வீட்டில் 'நெகட்டிவ்' என்று வருகிறது. 'அப்பாடா, இனி இந்தப் பக்கமே போக வேண்டாம்' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

இரண்டுமே தவறு. ஒரு பரிசோதனை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது தெரிந்தால் தேவையில்லாத பயமும் வராது, தேவையில்லாத தைரியமும் வராது.

எதைத் தேடுகிறோம்?

கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் எச்பிவி என்ற வைரஸ். இதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். தாம்பத்திய உறவு தொடங்கிய பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வந்து போகும். ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும்.

சிலருக்கு மட்டும் வைரஸ் விலகாமல் தங்கிவிடுகிறது. அப்போது செல்கள் மெல்ல மாறத் தொடங்கும். இது புற்றுநோயாக முற்றுவதற்கு சாதாரணமாக 15 முதல் 20 வருடம் ஆகும். எச்ஐவி போன்ற காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கலாம். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. செல் மாற்றத்தை அந்தக் காலத்துக்குள் கண்டுபிடித்தால், சின்னச் சிகிச்சையிலேயே நோயைத் தடுத்துவிடலாம்.

என்னென்ன பரிசோதனைகள்?

விஐஏ: நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ் அல்லது டாக்டர் பார்ப்பார். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறலாம். மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் அவ்வளவு துல்லியம் இருக்காது.

பாப் ஸ்மியர்: செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நோய் இல்லாதவரை 'நோய்' என்று சொல்வது இதில் குறைவு. ஆனால் மாற்றம் இருந்தும் கண்ணில் படாமல் போக வாய்ப்பு உண்டு. அதனால்தான் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள்.

எச்பிவி டிஎன்ஏ: ஆபத்தான வகை வைரஸின் மரபணு இருக்கிறதா என்று கருவியே பார்க்கும். தவறவிடுவது மிகக் குறைவு. ஆனால் தானாகவே போகப்போகும் தொற்றையும் சேர்த்துக் காட்டிவிடும்.

பி16/கேஐ-67 இரட்டைச் சாயம்: இது உயிர்க்குறியீட்டுப் பரிசோதனை, அதாவது பயோமார்க்கர் டெஸ்ட். பி16 என்பது செல் பெருகுவதற்கு பிரேக் போடும் புரதம். கேஐ-67 செல் பெருகிக்கொண்டிருப்பதைக் காட்டும் புரதம். ஆரோக்கியமான ஒரே செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்காது. இருந்தால், வைரஸ் அந்தச் செல்லின் கட்டுப்பாட்டைக் குலைத்துவிட்டது என்று பொருள். 'வைரஸ் இருக்கிறதா?' என்று எச்பிவி டெஸ்ட் கேட்கிறது. 'அது வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டதா?' என்று இது கேட்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1,000 பெண்கள் எச்பிவி டெஸ்ட் எடுக்கிறார்கள். அவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய செல் மாற்றம் இருக்கிறது. டெஸ்ட் 10-ல் 9 பேரைப் பிடித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். மாற்றம் இல்லாத 990 பேரில் 10 சதவீதத்தினரை, அதாவது 99 பேரையும், அது 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடுகிறது.

மொத்த பாசிட்டிவ் 108 பேர். உண்மையில் பிரச்சினை இருப்பவர்கள் 9 பேர். அதாவது 12 பேரில் ஒருவர். மீதி 11 பேர் பயந்ததுதான் மிச்சம்!

நெகட்டிவ் வந்தவர்கள் 892 பேர். அதில் தப்பிப்போனவர் ஒரே ஒருவர். ஆக, இந்த டெஸ்டின் 'நெகட்டிவ்' மிகவும் நம்பகமானது. 'பாசிட்டிவ்' என்பதோ அடுத்த கட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே.

இப்போது அந்த 108 பேருக்கும் இரட்டைச் சாய டெஸ்ட் செய்கிறோம். உண்மையான 9 பேரில் 8 பேரையும், மற்ற 99 பேரில் 25 பேரையும் அது காட்டுகிறது என்று வையுங்கள். 33 பேரில் 8 பேர். ஏறக்குறைய நான்கில் ஒருவர். கால்போஸ்கோபி என்ற அடுத்த பரிசோதனைக்கு 108 பேரை அனுப்புவதற்குப் பதில் 33 பேரை அனுப்பினால் போதும். இரண்டாவது டெஸ்டில் ஒருவர் தப்பிவிட்டாரே என்று கேட்கலாம். அதற்காகத்தான் 'எச்பிவி பாசிட்டிவ், அடுத்த டெஸ்ட் நெகட்டிவ்' என்று வந்தவர்களையும் விட்டுவிடாமல், குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

களத்தில் என்ன நடந்தது?

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் விஐஏ ஆய்வு நடந்தது. 2007-ல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. எளிய டெஸ்டும், தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சையும் சேர்ந்து செய்த வேலை இது.

மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. ஒரே ஒரு முறை எச்பிவி டெஸ்ட் செய்த பிரிவில் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அங்கே 'எச்பிவி நெகட்டிவ்' வந்த பெண்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்த விகிதம், மற்ற டெஸ்டுகளில் நெகட்டிவ் வந்தவர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்.

எச்பிவி டிஎன்ஏ டெஸ்டை முதல் பரிசோதனையாக உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. பொதுவாக 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். எச்ஐவி உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும்.

விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

'ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும்' என்று பேக்கேஜ் விளம்பரங்கள் வருகின்றன. அதில் உள்ள சிஏ-125 என்ற ரத்த டெஸ்ட் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஸ்கிரீனிங் அல்ல. அது நார்மல் என்று வந்தால், கருப்பை வாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த ஸ்கிரீனிங்குக்கு மாதிரி எடுக்க வேண்டிய இடம் ரத்தம் அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது

* 30 வயது தாண்டிய பெண்கள் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-க்கு போன் செய்யுங்கள்.
* மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்தே உறவையும், உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்த்தால் முடிவு தெளிவாக இருக்கும்.
* என்ன டெஸ்ட், எந்தத் தேதி, என்ன முடிவு, அடுத்து எப்போது? இந்த நான்கையும் கேட்டு, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த தேதியை செல்போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.
* பாசிட்டிவ் என்றால் அடுத்த பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். டெஸ்ட் எடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டால், எடுத்ததன் பலன் கிடைக்காது.
* உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.
* எச்பிவி தடுப்பூசி போட்டவர்களுக்கும் உரிய வயதில் பரிசோதனை தேவை.

இதைப் படிப்பவர் ஆணாக இருந்தால் ஒரு வேண்டுகோள். அம்மாவோ, மனைவியோ, அக்காவோ 'எனக்கு ஒண்ணும் இல்லை, எதுக்கு டெஸ்ட்?' என்று சொல்லலாம். ஒண்ணும் இல்லாதபோது எடுப்பதுதான் ஸ்கிரீனிங் என்று சொல்லி, அன்றைக்கு வீட்டு வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவர்களை அனுப்பி வையுங்கள்.