பனி ஓடுபாதையில் விமானம் எங்கே நிற்கும்? கால்குலேட்டரில் பார்ப்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் விண்டோஸ் கால்குலேட்டரைக் கூட்டல், கழித்தலுக்கு மட்டுமே திறக்கிறார்கள். ஒரு விமான விபத்தின் காரணத்தையும் அதில் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பெருமுக்கல், திண்டிவனம் பக்கம் பனி என்றால் மார்கழி விடியலில் புகை போல் இறங்குவதுதான். குளிர்நாடுகளிலோ அது ஓடுபாதை மீது இறுகிக் கிடக்கும். விமானம் ஓட்டப் பயிலும் மாணவர் கூடுதல் வேகத்தில் இறங்கினால், விமானம் தரையைத் தொடாமல் மிதந்து சென்று தள்ளி இறங்கும். மீதிப் பாதை குறைந்துவிடும். பனியில் பிரேக்கும் பிடிக்காது.

செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானம் தரை தொடும் வேகம் சுமார் 50 நாட், அதாவது விநாடிக்கு 26 மீட்டர். இந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி, 2, 9.8 (புவியீர்ப்பு), டயரின் பிடிப்பு எண் ஆகியவற்றால் வகுத்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கீபோர்டில் பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியும் வகுத்தலுக்குச் சாய்கோடும் அழுத்தவும். பிடிப்பு எண்கள் தோராயமானவை.

1. உலர்ந்த தரை: 26 × 26 ÷ 2 ÷ 9.8 ÷ 0.4 = 86
2. இறுகிய பனி: 26 × 26 ÷ 2 ÷ 9.8 ÷ 0.2 = 172
3. அதே பனி, 60 நாட் வேகம்: 31 × 31 ÷ 2 ÷ 9.8 ÷ 0.2 = 245

10 நாட் கூடியதற்கு 73 மீட்டர் கூடுதல்!

நம் நாட்டில் பனியின் இடத்தில் மழை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 2,700 மீட்டர் ஓடுபாதையில் பாதியைத் தாண்டிய பிறகே ஈரத்தில் தரை தொட்டது. பின்காற்றும் தள்ளியது. பாதை முடிந்து பள்ளத்தில் விழுந்ததில் 21 பேர் இறந்தனர். ஓட்டியவர்கள் மாணவர்கள் அல்லர், அனுபவசாலிகள்.

கணக்குப் போட்டுவிட்டால் மட்டும் போதுமா? 2005 டிசம்பர் 8 அன்று சிகாகோ மிட்வேயில், பனி பெய்யும்போது சவுத்வெஸ்ட் விமானிகள் லேப்டாப்பில் கணக்கிட்டே இறங்கினார்கள். இறங்கியவுடன் என்ஜினின் எதிர்விசை வேலை செய்யும் என்று அந்த புரோகிராம் வைத்துக்கொண்டது விமானிகளுக்குத் தெரியாது. எதிர்விசை கிடைக்கச் சுமார் 15 விநாடி ஆயிற்று. விமானம் வேலியை உடைத்துச் சாலைக்கு வந்தது. காரில் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான்.

கம்ப்யூட்டர் விடை தந்தால், எதை வைத்துக் கணக்கிட்டது என்று கேளுங்கள். விமான மாணவருக்கும் ஒரு பாடம்: வேகம் மிஞ்சினாலோ, இறங்கும் இடம் தாண்டினாலோ பிரேக்கை நம்பாமல் மேலெழும்பிச் சுற்றி வந்து மீண்டும் இறங்க வேண்டும்.