பெயரில்லாத கேமரா ஏன் மலிவு?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். உள்கடன் கேட்டு ஓர் அக்கா எழுந்து நின்றார். அவர் மகள் வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு வீடுகளுக்குப் போட்டோ எடுக்கப் போகிறாள். இதுவரை வாடகைக் கேமராதான். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும்.

"கடைக்காரர் ரெண்டு காட்டினாருங்க. ஒண்ணு எல்லாரும் வச்சிருக்கிற கம்பெனி. இன்னொண்ணு நாம பேரே கேட்டதில்ல. ஆனா அதுல வசதி ஜாஸ்தி, விலை பத்தாயிரம் கம்மி. ஏதாச்சும் ஏமாத்து இருக்குமோ?"

கேள்வி நல்ல கேள்வி. கடன் வாங்கி, வட்டி கட்டி வாங்குகிற பொருள் ஆயிற்றே! அன்றைக்கு நாங்கள் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறோம்.

ஏமாத்து என்று சொல்ல முடியாது. கேமராத் தொழிலில் நெடுங்காலம் பெரிய கை ஜப்பானின் கேனானும் நிக்கானும்தான். பிறகு சோனியும் அந்த வரிசையில் சேர்ந்தது. லட்சக்கணக்கில் செய்கிறவருக்கு ஒரு கேமராவுக்கு விழுகிற செலவு குறைவு. நாம் இருபது கிலோ மிளகாய்த்தூள் அரைப்பதற்கும் பெரிய கம்பெனி லோடு லோடாக அரைப்பதற்கும் உள்ள அதே வித்தியாசம். அப்படியானால் சின்னவர் எப்படி விலையைக் குறைக்கிறார்?

பென்டாக்ஸ் என்ற ஜப்பான் பெயரைப் பார்ப்போம். 1976ல் கே1000 என்று ஒரு பிலிம் கேமரா கொண்டுவந்தார்கள். தானாகப் படம் எடுக்கும் டைமர்கூட அதில் கிடையாது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டு, வெளிச்சம் காட்டும் ஒரு முள்ளும் உறுதியான உடம்பும் மட்டும் வைத்தார்கள். வேலையை முதலில் ஜப்பானிலிருந்து ஹாங்காங்குக்கும், அப்புறம் சீனாவுக்கும் மாற்றினார்கள். புகைப்படம் படிக்கிற மாணவர்களுக்கு அதுதான் முதல் கேமரா என்று ஆகிவிட்டது. 1997 வரை விற்றது, முப்பது லட்சத்துக்கும் மேல்!

டிஜிட்டல் வந்த பிறகு அதே பென்டாக்ஸ் வேறு வழி பிடித்தது. கை நடுங்கினால் படம் கலங்கும் இல்லையா? அதைத் தடுக்கும் வசதியைக் கேனானும் நிக்கானும் அப்போது லென்ஸுக்குள் வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு லென்ஸ் வாங்கும்போதும் அதற்குக் காசு. பென்டாக்ஸ் அதைக் கேமராவுக்குள்ளேயே வைத்தது. 2006ல் வந்த கே100டி என்ற மலிவான மாடலிலேயே அது இருந்தது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு புகைபோக்கி கட்டாமல், சமையலறைக்கே ஒன்று கட்டின மாதிரி. (ஆள் அசைந்தால் அதற்கு இது உதவாது, அது வேறு விஷயம்.) லென்ஸ் மாட்டும் வாயையும் அவர்கள் அடியோடு மாற்றவில்லை. 1975ல் வந்த பழைய லென்ஸையும் அதில் மாட்டலாம், கையால் திருகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழைய கடையில் குறைந்த காசுக்குக் கிடைக்கும் லென்ஸ் வாங்குபவருக்கு லாபம்தானே!

சிக்மா, டாம்ரான் போன்றவர்கள் இன்னொரு வழியில் போனார்கள். பெரியவரின் கேமராவுக்குப் பொருந்தும் லென்ஸைச் செய்து குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். ஒரே லென்ஸைப் பல கம்பெனிக் கேமராவுக்கும் வாய் மாற்றிச் செய்வதால் எண்ணிக்கை கூடுகிறது.

பெரியவர் சும்மா இருப்பாரா? 2003ல் கேனான் 300டி என்று ஒன்றை இறக்கியது. தன் விலை கூடின 10டி கேமராவில் இருந்த அதே 6 மெகாபிக்ஸல் சென்சார், பிளாஸ்டிக் உடம்பு, ஆயிரம் டாலருக்குள் விலை! சந்தையே ஆடிப்போனது. வெறும் விலையை மட்டும் நம்பினால் இதுதான் ஆபத்து. நாம் ஊறுகாயில் இரண்டு ரூபாய் குறைத்தால் அவர்கள் ஐந்து குறைப்பார்கள். அவர்களால் ஒரு வருஷம் தாங்க முடியும், நம்மால் ஒரு மாதம்கூட முடியாது.

வாங்குகிறவருக்கும் ஒரு பயம் உண்டு. கோனிகா மினோல்டா 2006ல் கேமராத் தொழிலையே விட்டுவிட்டது. நல்லவேளை, சோனி அதை எடுத்துக்கொண்டதால் பழைய லென்ஸ்கள் வீணாகவில்லை. சாம்சங் 2010ல் தொடங்கிய என்எக்ஸ் வரிசையைச் சில வருஷத்தில் நிறுத்தியபோது அப்படி யாரும் வரவில்லை. செல்போனில் எவ்வளவு பெரிய கம்பெனி! கேமராவில் அது சின்னவர்தான். லென்ஸ் வாங்கி அடுக்கியவர்கள் பாடு திண்டாட்டம்.

ஆகவே அந்த அக்காவிடம், "பத்தாயிரம் கம்மின்னு மட்டும் பாக்காதீங்க, மகளையே விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றோம். ரிப்பேருக்கு எந்த ஊர் போகணும், அதுவரை கையில் என்ன இருக்கும்? கூடுதல் பேட்டரி கிடைக்குமா? வாடகைக்கு லென்ஸ் தருகிற கடையில் இந்தக் கேமராவுக்கு லென்ஸ் உண்டா? நாளைக்கு விற்றால் யார் வாங்குவார்?

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் நோட்டோடு வந்தாள். வாடகைக் கடையில் இதற்கு லென்ஸ் இல்லையாம். மறுவிற்பனையும் மட்டம். ஆனால், "வீட்டு விசேஷத்துக்கு எனக்கு ரெண்டு லென்ஸ் போதும் அக்கா. ராத்திரி வெளிச்சம் கம்மியா இருக்கும், கைநடுக்கம் தாங்குற கேமராதான் எனக்கு வேணும். பத்து வருஷம் வச்சுக்கப் போறேன், விக்கப் போறதில்ல" என்றாள். சர்வீஸ் கோயம்புத்தூரில் இருக்கிறது, அனுப்பினால் மூன்று வாரம் ஆகுமாம். அந்த மூன்று வாரம் வாடகைக் கேமராவுக்கு என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சின்னக் கம்பெனிக் கேமராவுக்கே கடன் கொடுப்பது, மிச்சமாகிற பத்தாயிரத்தில் ஏழாயிரத்துக்கு இரண்டாவது லென்ஸ் வாங்குவது, மூவாயிரத்தை ரிப்பேருக்கென்று அக்காவின் சேமிப்புக் கணக்கில் போட்டுக் கடன் முடியும்வரை எடுக்காமல் வைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.