இல்லறத்தார்க்குப் போதி உண்டோ?

திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற நம்மவருள் சிலர், "போதி துறவிகட்கே உரியது, விடியலில் பேருந்தைப் பிடித்து வேலைக்கு ஓடும் நமக்கு அது எதற்கு?" என வினவுகின்றனர். இவ்வையத்தைத் தெளிவோம்.

ததாகதர் 35ஆம் வயதில் போதி பெற்றார். பெற்றபின் மரத்தடியிலேயே அமர்ந்துவிடவில்லை. 45 ஆண்டுகள் ஊர்தோறும் நடந்து அறம் உரைத்தார். அவர்தம் அடியாரான அநாதபிண்டிகர் என்னும் வணிகர், இல்லறத்தில் இருந்தவாறே சோதாபத்தி என்னும் முதற்படியை எய்தினார்.

நம் பெங்களூரிலும் சான்று உண்டு. 1956இல் இங்கு மகாபோதி சங்கத்தை நிறுவிய ஆச்சாரிய புத்தரக்கித தேரர், 2013இல் மறையுமளவும் தியானத்தையும் தொண்டையும் பிரித்தாரல்லர். விக்டோரியா மருத்துவமனையின் தீக்காய மையத்துக்கு மகாபோதியின் பெயர் அமைந்தது அதனாலேயே.

போதியை ஒருவர் மற்றொருவர்க்கு வழங்க இயலாது. மதம் மாறியதாக எழுதிய பதிவேடும் அதனைத் தராது. பணியிடத்தில் ஒருவன் நம்மைச் சாதி சொல்லி இழிக்கிறான் எனக் கொள்வோம். உள்ளத்தில் சினம் மூள்கிறது. மூளும் கணத்திலேயே 'இது சினம்' என அறிதலே போதியின் தொடக்கமாம். அவ்வாறு அறிதல் இழிவைப் பொறுத்தல் அன்று. சினத்துக்கு அடிமையாகாது, தெளிந்த நெஞ்சோடு இழிவை எதிர்த்தலாம்.

அன்பர்களே, இன்று ஒருமுறையேனும் இதனைப் பயில்வோமாக.