மண்டி கலங்காமல் பீரை மாற்ற

தம்பி, பக்கெட்டில் பீர் நொதித்து அடங்கிவிட்டது, இனி மண்டியை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாய். டியூபைக் கையில் எடுக்கும் முன்பே இதில் முக்கால்வாசி வேலை முடிந்திருக்க வேண்டும்.

குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்பாதே. ஹைட்ரோமீட்டரில் இன்று 1.010 காட்டினால், இரண்டு மூன்று நாள் கழித்தும் அதே 1.010 காட்ட வேண்டும். எண் இறங்கிக்கொண்டிருந்தால் ஈஸ்ட் இன்னும் சர்க்கரையைத் தின்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும், கண்ணுக்கே ஆபத்து.

எண் நின்றபின் இரண்டு நாள் குளிரில் வை. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலும் இங்கிலாந்தின் ஜனவரிக்குக் கராஜே போதும். ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். குளிரும்போது ஏர்லாக்கில் உள்ள தண்ணீர் உள்ளே இழுபடும். அதனால் அதில் சானிடைசர் கரைசலை ஊற்றி வை. மாற்றுவதற்கு முந்தின இரவே பக்கெட்டை மேசைமேல் தூக்கி வைத்துவிடு. தூக்கும்போது கலங்கியது காலைக்குள் அடங்கிவிடும்.

டியூபை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது. வாயில் இருக்கும் பாக்டீரியா பீரைப் புளிக்க வைத்துவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரை டியூபில் நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொள். மறுநுனியைப் பீரில் விட்டு, விரலைக் கீழே கொண்டுபோய் எடு. முதலில் வரும் தண்ணீரை ஒரு கப்பில் பிடித்து ஊற்றிவிடு. உள்நுனியை ஒரேயடியாக அடிவரை விடாதே; பாதி ஆழத்தில் வைத்து, பீர் இறங்க இறங்க நீயும் இறக்கு.

மண்டியைவிட நான் அதிகம் பயப்படுவது காற்றுக்குத்தான். கொஞ்சம் ஈஸ்ட் கூடவே வந்தால் பாட்டிலின் அடியில் படிந்துவிடும். காற்று கலந்தால் திருத்த வழியே இல்லை: முதலில் ஹாப்ஸ் வாசனை போகும், சில வாரத்தில் நனைந்த அட்டை வாடை வரும். ஆகவே வெளிநுனி, பீரைப் பிடிக்கும் கீழ்ப்பாத்திரத்தின் அடியில் வளைந்து படுத்திருக்கட்டும். சளசளவென்று சத்தம் கேட்கக் கூடாது. டியூபுக்குள் குமிழி ஓடினால் இணைப்பு தளர்ந்திருக்கிறது, இறுக்கு. பழைய புத்தகங்கள் ஒரு வாரத்தில் இரண்டாவது பாத்திரத்துக்கு மாற்றச் சொல்லும்; சாதாரண ஏலுக்கு அது வேண்டாம். பாட்டிலில் அடைக்கும் நாளன்று ஒரே ஒரு முறை மாற்றினால் போதும்.

பாட்டிலில் நுரை வருவதற்காக, 23 லிட்டருக்குச் சுமார் 110 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கீழ்ப்பாத்திரத்தில் முதலிலேயே ஊற்று. பீர் சுழன்று நிரம்பும்போது தானே கலந்துகொள்ளும்.

கடைசி லிட்டர் வரும்போது கண்ணை டியூபை விட்டு எடுக்காதே. பொன்னிறத்துக்கு நடுவே பழுப்பாக ஒரு நூல் ஓடிவரும். பார்த்த நொடியே டியூபை மடித்துப் பிடி. மிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பக்கெட்டைச் சாய்த்தால் மொத்தமும் கலங்கும். பீர் தெளிவாக இருக்கிறதே, பாட்டிலில் நுரை வருமா என்று கவலைப்படாதே. கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் அதில் போதுமான அளவு இருக்கும்.

இன்னொன்று: இங்கே 1963 முதல் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம், ஆனால் விற்கக் கூடாது. நம் ஊரில் இதைச் செய்வதே குற்றம், லீவில் போகும்போது அங்கே முயலாதே.

மண்டியைக் கொட்டிவிடாதே. சுத்தமான ஜாடியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் அடுத்த பீருக்கு ஆகும். மூடியை மட்டும் இறுக்காதே, அது இன்னும் வாயு விட்டுக்கொண்டிருக்கும்.