பிள்ளைகளின் கோபம் அரிவாளாவது ஏன்?

கேள்வி: பள்ளி மாணவர்களே அரிவாள் எடுக்கிறார்களே, காரணம் என்ன? தடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், அடி அண்ணாமலை

பதில்: 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியைச் சொல்லித் துன்புறுத்துவதாக அந்த மாணவர் பள்ளியில் புகார் சொன்னதுதான் பகைக்குக் காரணம்.

இதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில.

வன்முறைக்குச் சாதி மட்டுமே காரணமல்ல. உணர்ச்சியை அடக்கி விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப் பகுதி முழு வளர்ச்சி பெற 20 வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். பதின்ம வயதில் நண்பர்கள் முன் பட்ட அவமானம் பெரிதாகத் தெரியும். வீட்டில் அடிதடி, போதைப்பொருள், 'கெத்து' காட்டும் ரீல்ஸ் எல்லாம் கோபத்துக்குத் தூபம் போடுகின்றன.

திடீர் எரிச்சல், தூக்கமின்மை, பள்ளிக்குப் போக மறுப்பது, பழைய நண்பர்களை ஒதுக்குவது ஆகியவை முன்னறிகுறிகள். அப்போது அதட்டலைவிடக் காது கொடுத்துக் கேட்பதே பலன் தரும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098 ஆகிய இலவச எண்களை அழைக்கலாம்.