பால் சேர்க்காத மாம்பழ ஷேக்

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெயில் காலத்தில் ஷேக்கை ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை, தேங்காய்ப்பால் இருக்கிறது. கெட்டியான முதல் பால்தான் இதற்குச் சரி. இரண்டாம் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்கு, நன்றாகக் கனிந்த பங்கனப்பள்ளி 1, மோரிஸ் வாழைப்பழம் 1, தேங்காய்ப்பால் முக்கால் டம்ளர். முதல் நாள் இரவே பழங்களைத் தோலுரித்துத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். சூட்சுமமே இதில்தான். உறைந்த வாழைப்பழம் அரைபடும்போது ஐஸ்கிரீம் போலக் குழைந்து வரும். ஐஸ்கட்டி போட்டால் அது உருகி, ஷேக் நீர்த்துப்போகும்.

மிக்ஸியை விட்டு விட்டு ஓடவிடுங்கள். ஒரேயடியாக ஓடினால் மிக்ஸி சூடேறிவிடும். ஒரு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

மாம்பழம் இல்லாத மாதங்களில் அன்னாசி போடலாம். பசும்பாலோடு அன்னாசியை அரைத்தால், பழத்திலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு, அதனால் அந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

அரைத்த உடனே குடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் வெளியில் இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.